பன்னிரண்டு தந்திக் கிதார்: சில குறிப்புகள்

பன்னிரண்டு தந்திக் கிதாரைப் பற்றி எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் லெட்பெல்லியின் சிறைவாசத்தில் தொடங்குகிறார்கள். டெக்ஸாஸில் ஒரு கொலை, கைதிகளின் பண்ணை, கவர்னர் முன் பாடிய பாட்டு, அதன் பலனாகக் கிடைத்த மன்னிப்பு. கதை என்ற அளவில் இதற்கு ஈடு இல்லை. ஆனால் வாத்தியத்தின் சரித்திரத்தில் இது நடுவில் வருகிற ஒரு அத்தியாயம்தான். அதற்கு முன்னால் தொழிற்சாலைகள் இருக்கின்றன, விலைப்பட்டியல்கள் இருக்கின்றன, மலிவு வாத்தியங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்ற வியாபாரிகள் இருக்கிறார்கள். இவ்வளவையும் தாண்டிக் குதித்து நேரே சிறைக் கம்பிகளுக்குப் பின்னால் போய் நிற்பதில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. அந்தச் சௌகரியம் எனக்குச் சந்தேகம் தருகிறது.

இந்த விஷயத்துக்குள் நான் போக நேர்ந்தது புதிதாக ஒரு பன்னிரண்டு தந்திக் கிதார் வாங்கியதால். வருஷக்கணக்காக ஆறு தந்தியோடு பழகியவன், எதை வாங்குவது என்று கடை கடையாக ஏறி இறங்கிய வாரங்களில் ஒன்று புலப்பட்டது. கழுத்து எத்தனை அகலம், குதிரை எப்படி நிற்கிறது, எந்த ஸ்ருதி வரை மரம் தாங்கும் என்று விற்பனையாளரிடம் நான் கேட்ட கேள்விகள் எல்லாம் நூறு வருஷத்துக்கு முன்பே கேட்கப்பட்டவை. மரத்துக்கும் கம்பிக்கும் இடையே ஒரு பழைய வழக்கு இருக்கிறது. அதில் இன்னும் தீர்ப்பாகவில்லை.

வாத்தியத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு விளக்கம். ஆறு தந்திகளுக்குப் பதில் ஆறு ஜோடிகள். மெல்லிய இரண்டு ஜோடிகளில் இரு தந்திகளுக்கும் ஒரே ஸ்வரம், ஒரே ஸ்தாயி. மற்ற நான்கில் ஒவ்வொரு தடித்த தந்திக்கும் பக்கத்தில், ஒரு ஸ்தாயி மேலே சேர்த்த மெல்லிய தந்தி ஒன்று. இதில் ஒரு விசித்திரம்: மூன்றாவது ஜோடியில் உள்ள மெல்லிய தந்திதான் வாத்தியத்திலேயே உச்ச ஸ்ருதி உள்ளது. ஓரத்து முதல் தந்தியின் அதிர்வு விநாடிக்குச் சுமார் 330 என்றால், நடுவில் ஒளிந்திருக்கும் இதற்கு 392. கனம் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் எட்டு அல்லது ஒன்பது பங்கு. பெரும்பாலும் முதலில் அறுவதும் இதுதான். விரல்கள் வரிசையாகத் தந்திகளைத் தொட்டுப் போகும்போது, நடுவில் எங்கோ ஒரு உயரமான ஸ்வரம் சட்டென்று எட்டிப் பார்த்துவிட்டு மறைகிறது. தந்திகளின் வரிசையும் காதில் விழும் வரிசையும் வேறுவேறு. இந்தக் குழப்பத்துக்குப் பழகிவிட்டால் பிறகு ஆறு தந்தியின் ஒழுங்கு கொஞ்சம் வறட்சியாகத் தோன்ற ஆரம்பிக்கிறது.

தந்திகளை ஜோடி சேர்ப்பது அமெரிக்கர்களின் கண்டுபிடிப்பு இல்லை. ஐரோப்பாவின் லூட், ஸ்பெயினின் விஹுவேலா, பரோக் காலத்து ஐந்து ஜோடிக் கிதார் எல்லாம் இந்த வகைதான். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பெயினில் ஆறு ஜோடிக் கிதார் புழங்கியது. எண்ணிக்கையில் அப்போதே பன்னிரண்டு. 1800ஐ ஒட்டி ஜோடிக்கு ஒன்றைக் கழற்றிவிட்டு ஆறு ஒற்றைத் தந்திகளுக்கு வந்தார்கள். ஒவ்வொரு குரலும் தனித்துத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்ற ஆசை அது. நாம் இன்று கிளாஸிக்கல் கிதார் என்று சொல்வதெல்லாம் அந்தக் கழித்தலில் பிறந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து அமெரிக்காவில் இரட்டிப்பு திரும்பி வந்தபோது அதை இந்த ஸ்பானிய மூதாதையின் நேர்வாரிசு என்று சொல்ல ஆதாரம் ஏதும் இல்லை. மெக்ஸிகோவின் பாஹோ செக்ஸ்டோவும் ஆறு ஜோடிதான், இன்னும் கீழ் ஸ்ருதியில். எல்லை தாண்டி டெக்ஸாஸுக்குள் வந்த அதைப் பார்த்து யோசனை பிறந்திருக்கலாம் என்பவர்கள் உண்டு. இத்தாலியக் குடியேறிகளோடு வந்த மாண்டலின் மோகம்தான் காரணம் என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவதில் நம்பிக்கை அதிகம். 1890களிலிருந்து அமெரிக்கத் தொழிற்சாலைகள் மாண்டலின்களாகச் செய்து குவித்துக்கொண்டிருந்தன. ஜோடித் தந்திகளுக்கான முறுக்காணிகள், அடிப்புறத் தகடுகள், கம்பிகள் எல்லாம் பட்டறையில் தயாராகக் கிடந்தன. அவற்றைக் கிதாரின் மேல் பூட்டிப் பார்க்க மேதை யாரும் தேவையில்லை. பட்டியலில் புதிதாக ஒரு அயிட்டம் வேண்டும் என்று நினைக்கிற ஒரு மானேஜர் போதும்.

ஜெர்ஸி சிட்டியின் ஆஸ்கர் ஷ்மிட் கம்பெனி ஸ்டெல்லா என்ற பெயரில் செய்த கிதார்கள் இந்த வகையில் முதலிடம் பெற்றவை. விலை குறைந்த வாத்தியம். பல மாடல்களுக்குச் சாதாரண பிர்ச் மரம்தான். உள்ளே மேல்பலகையைத் தாங்கும் முட்டுகள் ஏணிப்படி போலக் குறுக்காக ஒட்டப்பட்டவை. உயர்ந்த ரகக் கிதார்களில் இருக்கும் பெருக்கல் குறி அமைப்பு இதில் கிடையாது. தந்திகளைக் குதிரையில் கட்டினால் அந்த இழுப்பில் மேல்பலகை பிய்ந்துகொண்டு வரும் என்பதால், குதிரைக்கு மேலாகக் கொண்டுபோய் அடிப்புறத்தில் அறைந்த ஒரு உலோகத் தகட்டில் மாட்டினார்கள். மாண்டலினிலிருந்து எடுத்த யோசனை. இழுவிசையை உடம்பின் கடைசிக் கட்டை வாங்கிக்கொள்ளும், குதிரை மேல் அழுத்தம் மட்டும் இருக்கும். சிக்கனத்துக்காகச் செய்த இந்த ஏற்பாடுதான் அந்தத் தொனியையும் தந்தது: சட்டென்று வெடித்து, நீண்டு நிற்காமல், அடுத்த அடிக்கு வழிவிட்டு விலகிக்கொள்ளும் ஒரு நாதம். விலை உயர்ந்த நவீன வாத்தியங்களில் இது கிடைப்பதில்லை என்று சொல்லி இன்று சில பட்டறைக்காரர்கள் அந்த மலிவுக் கிதாரைப் பெரும் விலைக்கு நகல் செய்து விற்கிறார்கள். ஆஸ்கர் ஷ்மிட் 1929இல் இறந்தார். பத்து வருஷம் கழித்து ஸ்டெல்லா என்ற பெயரை சிகாகோவின் ஹார்மனி கம்பெனி வாங்கிக்கொண்டது.

இதை வாங்கியவர்கள் யார்? மேடையும் அரங்கமும் உள்ளவர்களுக்கு இது தேவைப்படவில்லை. தெருமுனையிலும், மீன் பொரித்துத் தின்னும் சனிக்கிழமை இரவுக் கூட்டத்திலும், ஒலிபெருக்கி இல்லாமல், கால்களின் சத்தத்துக்கு மேலாகக் கேட்க வேண்டியவர்களுக்குத் தேவைப்பட்டது. ஜார்ஜியாவின் அட்லாண்டாவில் இதற்கென்று ஒரு பரம்பரையே உருவாயிற்று. ராபர்ட் ஹிக்ஸ் என்ற சமையல்காரர் 1927இல் கொலம்பியா கம்பெனிக்கு முதல் இசைத்தட்டைப் பாடினார். இறைச்சி வாட்டும் கடை ஒன்றில் அவருக்கு வேலை. ஆகவே பெயர் பார்பெக்யூ பாப் என்று ஆயிற்று. விளம்பரப் படத்தில் அவர் சமையல்காரரின் வெள்ளை அங்கியும் தொப்பியுமாக கிதாரோடு நிற்கிறார். 1931இல் இறந்துபோனார். அவருடைய அண்ணன் சார்லியும் பன்னிரண்டு தந்திக்காரர். அதே 1927இல் விக்டர் கம்பெனிக்குப் பாடத் தொடங்கியவர் பிளைண்ட் வில்லி மெக்டெல். பார்வையற்றவர். மென்மையான, மூக்கைத் தொட்டு வரும் குரல். பன்னிரண்டு தந்தியை இவ்வளவு லேசாக, நூல் நூற்பது போல் வாசித்தவர் அந்தத் தலைமுறையில் வேறு யாரும் இல்லை என்பது என் அபிப்ராயம்.

லெட்பெல்லி வேறு மாதிரி. ஹடி லெட்பெட்டர் லூயிஸியானாவில், மூரிங்ஸ்போர்ட் பக்கத்தில் 1888ஐ ஒட்டிப் பிறந்தவர். ஷ்ரீவ்போர்ட்டின் ஃபானின் தெருவில், குடியும் நடனமும் நடக்கும் வீடுகளில் பியானோக்காரர்களைக் கேட்டு வளர்ந்தவர். அவர்களின் இடது கை ஓடும் ஓட்டத்தைக் கிதாரில் கொண்டுவர வேண்டும் என்பது அவர் ஆசை, அவரே சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் பன்னிரண்டு தந்தி. கனமான தந்திகள், நீண்ட கழுத்துள்ள ஸ்டெல்லா, ஸ்ருதியோ வழக்கமான நிலையிலிருந்து இரண்டு இரண்டரை ஸ்வரம் கீழே. கட்டைவிரல் நடக்கும்போது கீழ்த் தந்தியும் அதன் மேல் ஸ்தாயித் தோழனும் ஒன்றாக ஒலித்து, பியானோவில் இரண்டு விரலை ஒரு ஸ்தாயி அகலத்தில் விரித்து அடிப்பது போல் கேட்கிறது. இது கலாபூர்வமான ஒரு முடிவு. நகரத்தின் மிகப் புதிய சங்கீதத்தைக் கேட்டு, அதைத் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய ஒரு தொழிற்சாலைப் பொருளில் செய்து காட்ட முடியும் என்று கண்ட ஒருவனின் முடிவு.

ஜான் லோமாக்ஸும் மகன் ஆலனும் 1933இல் லூயிஸியானாவின் அங்கோலா சிறைக்குப் போனது இதைத் தேடி இல்லை. காங்கிரஸ் நூலகத்துக்காக நாட்டுப்பாடல்களைப் பதிவு செய்யப் போனார்கள். வானொலியும் இசைத்தட்டும் எட்டாத இடத்தில்தான் பழைய பாட்டு கலப்படமில்லாமல் இருக்கும், அப்படிப்பட்ட இடம் சிறை என்பது அவர்களின் சித்தாந்தம். ஐம்பதை நெருங்கிய, நூற்றுக்கணக்கான பாட்டுகள் தெரிந்த, பியானோ வீடுகளிலும் வைல்ட் வெஸ்ட் சினிமாக் காலத்திலும் வாழ்ந்த ஒரு தொழில்முறைப் பாடகன் அங்கே அகப்பட்டான். 1934 ஆகஸ்டில் விடுதலை. பாட்டுக்காக மன்னிப்புக் கிடைத்தது என்ற கதை டெக்ஸாஸில் 1925இல் நடந்ததற்குப் பொருந்தும். லூயிஸியானாவில் நன்னடத்தைக் கழிவின்படி வெளியே வந்தார் என்று சிறை நிர்வாகமே பிற்பாடு விளக்கியது. ஆனால் இரண்டாவது மன்னிப்பும் சேர்ந்தால்தானே கதை அழகாகிறது!

1935இல் மார்ச் ஆஃப் டைம் செய்திப்படம் ஒன்றில் லெட்பெல்லி கைதியின் கோடு போட்ட உடையில் தோன்றுகிறார். விடுதலையாகி மாதங்கள் ஆகியிருந்தன. லோமாக்ஸிடம் வந்து நன்றியோடு கெஞ்சும் காட்சி, எழுதிக் கொடுத்த வசனம். சாதாரண வாழ்க்கையில் அவர் கோட்டும் சூட்டும் கழுத்தில் போவுமாக, மடிப்புக் கலையாமல் உடுத்துகிறவர். மேடைக்கு மட்டும் தொழிலாளியின் முரட்டு உடை. அந்த வருஷமே பணத் தகராறில் இருவரும் பிரிந்தார்கள். இந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு பார்பெக்யூ பாபின் சமையல் தொப்பி நினைவுக்கு வந்தது. வியாபாரி தொப்பியைக் கொடுத்தான். அறிஞர் சிறையுடையைக் கொடுத்தார். வியாபாரியிடமாவது அது விளம்பரம் என்ற பிரக்ஞை இருந்தது.

இதே ஜான் லோமாக்ஸ் 1940 நவம்பரில் அட்லாண்டாவில் ஒரு ஓட்டல் அறையில் மெக்டெல்லைப் பதிவு செய்தார். கூலி பத்து டாலர். பதிவில் பாட்டுகளுக்கிடையே நடக்கும் பேச்சும் இருக்கிறது. தெற்கில் கறுப்பர்கள் படும் பாட்டைப் பற்றிக் குறை சொல்லும் பாட்டு ஏதாவது தெரியுமா என்று லோமாக்ஸ் திரும்பத் திரும்பக் கேட்கிறார். மெக்டெல் பணிவாக, அழுத்தமாக, அப்படி எதுவும் இல்லை என்கிறார். ஏன் அசௌகரியமாக நெளிகிறாய் என்று கேட்டதற்கு, முந்தின இரவு நடந்த கார் விபத்தில் உடம்பு குலுங்கிவிட்டது என்று பதில். 1940இன் ஜார்ஜியாவில், ஒரு வெள்ளைக்காரரின் ஓட்டல் அறையில், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பதிவு யந்திரத்தின் முன்னால், பார்வையற்ற ஒரு கறுப்பு மனிதரிடம் இந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. லோமாக்ஸுக்குத் தேவைப்பட்டது வாத்தியக்காரன் இல்லை, சாட்சி. மெக்டெல் சாட்சிக் கூண்டில் ஏற மறுத்துவிட்டு, தெருவிலும் உணவு விடுதி வாசலிலும் நிற்கிறவர்களுக்கு வாசிக்கிற பாட்டுகளை வாசித்தார். அந்தப் பன்னிரண்டு தந்திகளும் அங்கே அவருக்கு ஒரு மறைப்பாக நின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் ஏதோ அமெரிக்க விவகாரம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. 1842இல் பிரான்சில் காப்புரிமை பெற்ற ஆர்மோனியம் நம் ஸ்பெஷல் நாடகத்திலும் தெருக்கூத்திலும் குடியேறி எத்தனையோ காலமாகிறது. கமகம் வராத பெட்டி என்று 1940இல் அகில இந்திய வானொலி அதை விலக்கியது. தடை தளர 1971 ஆயிற்று. சாஸ்திரியம் அதை அந்நியம் என்றது. நாட்டார் கலையைப் பதிவு செய்யப் போகிற அன்பரும், அந்த ஆர்மோனியத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் பாடச் சொன்னால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஏழையின் கையில் கடையில் வாங்கிய பொருள் இருப்பது அறிஞர்களுக்கு எப்போதும் ஒரு சங்கடம். சுரைக்குடுக்கையும் மூங்கிலும் என்றால் நிம்மதி.

லெட்பெல்லி வெளியே வந்த அதே 1934இல், டெக்ஸாஸின் ஸான் அன்டோனியோவில், ஹூஸ்டனில் பிறந்த 18 வயதுகூட நிறைந்திராத லிடியா மெண்டோஸா ‘மால் ஓம்ப்ரே’ என்ற ஸ்பானியப் பாட்டைத் தனியாகத் தன் பன்னிரண்டு தந்திக் கிதாரோடு பதிவு செய்தாள். புளூபேர்ட் கம்பெனி. எல்லைப்புற மெக்ஸிகோக்காரர்களிடையே அவள் பெயர் பரவ அந்த ஒரு இசைத்தட்டு போதுமாயிருந்தது. பாட்டின் வரிகள் அவளுக்கு எங்கிருந்து கிடைத்தன என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்: சூயிங்கம் சுற்றி வந்த காகிதத்தில் அச்சடித்திருந்தார்கள், சிறுமியாக அவள் அவற்றைச் சேர்த்து வைத்திருந்தாள். தொழிற்சாலைக் கிதார், மிட்டாய்க் காகிதத்துக் கவிதை. அறுவடைக் கூலிகளாக அலைந்த ஒரு குடும்பத்தின் பெண் இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு ஸான் அன்டோனியோவின் சந்தைச் சதுக்கத்தில் நின்று பாடினாள். ஆங்கிலத்தில் எழுதப்படும் பன்னிரண்டு தந்திச் சரித்திரங்களில் பலவற்றில் இவள் கிடையாது. ப்ளூஸ் பாடாதவள் என்பதால் கதைக்குள் பொருந்தவில்லை போலும். 2007 வரை வாழ்ந்தாள்.

நாற்பதுகளில் வாத்தியம் ஏறக்குறைய மறைந்தது. தெருப்பாடகர்களுக்கு மின்சாரக் கிதார் வந்துவிட்டது. இரண்டு மடங்கு தந்தி வேண்டிய அவசியம் போயிற்று. லெட்பெல்லி 1949 டிசம்பர் 6ஆம் தேதி நியூயார்க்கில், தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோயில் இறந்தார். அடுத்த வருஷம் அவருடைய ‘குட்நைட் ஐரீன்’ பாட்டை வீவர்ஸ் குழு பாடி, அது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 13 வாரம் முதலிடத்தில் இருந்தது. பாட்டின் உரிமையில் லெட்பெட்டரோடு ஜான் லோமாக்ஸின் பெயரும் உண்டு. அந்தக் குழுவில் இருந்த பீட் ஸீகர் லெட்பெல்லியின் வாசிப்பு முறையைக் கற்றுத்தரும் ஒரு இசைத்தட்டை 1962இல் ஃபோக்வேஸ் கம்பெனிக்காகச் செய்தார். 1963 ஜனவரியில் ரூஃப்டாப் ஸிங்கர்ஸ் பாடிய ‘வாக் ரைட் இன்’ முதலிடத்துக்கு வந்தது. கஸ் கானன் 1929இல் பதிவு செய்த பாட்டை இரண்டு பன்னிரண்டு தந்திகளோடு பாடினார்கள். கானன் அப்போது மெம்ஃபிஸில் உயிரோடு இருந்தார். குளிர்காலத்தில் அடுப்புக் கரிக்காகத் தன் பாஞ்சோவை அடகு வைத்திருந்தார் என்று சொல்வார்கள். பிறகென்ன, எல்லோருக்கும் பன்னிரண்டு தந்தி வேண்டியிருந்தது. கிப்ஸன் 1961இலேயே ஒரு மாடலை இறக்கியிருந்தது. மார்ட்டின் 1964இல் இறக்கியது. அதே வருஷம் பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிஸன் கையில் மின்சாரப் பன்னிரண்டு தந்தி; மறு வருஷம் பேர்ட்ஸ் குழு. இந்தக் கட்டத்தைப் பற்றி வேண்டிய அளவுக்கு மேல் எழுதியாகிவிட்டது.

எழுபதுகளை ஒட்டி வந்த மூவர் வேறு திசை. லியோ கோட்கியின் 1969 இசைத்தட்டில் பாட்டே கிடையாது. இரும்பு நகங்கள் மாட்டிய வலது கை, கீழே இறக்கிய ஸ்ருதி, மூச்சுவிடாத வேகம். அந்தக் கைக்கு எண்பதுகளில் நரம்பு வீங்கி, நகங்களைக் கழற்றி எறிந்துவிட்டு வாசிப்பையே மாற்றிக்கொள்ள வேண்டி வந்தது. ராபி பாஷோ ஜப்பானியக் கவி பாஷோவின் பெயரைச் சூடிக்கொண்டவர். அலி அக்பர் கானைக் கேட்டுக் கிறங்கி, பன்னிரண்டு தந்தியை சரோதாக ஆக்கிவிடப் பார்த்தார். சில இடங்களில் வெறும் ஆவேசம். சில இடங்களில் மயிர்க்கூச்செறியும். 1986இல் 45 வயதில் இறந்தார். வியன்னாவில் கிளாஸிக்கல் கிதார் படித்த ரால்ஃப் டௌனர் 1972இல் வெதர் ரிப்போர்ட்டின் ‘தி மூர்ஸ்’ துவக்கத்தில் தனியாக வாசிப்பதைக் கேட்டால், ஸ்பெயின்காரர்கள் தெளிவுக்காகக் கழற்றி எறிந்த ஜோடியைத் தெளிவு கெடாமலே திரும்ப மாட்ட முடியும் என்று தெரிகிறது.

கடைக்கு வருகிறேன். ஆறு தந்திக் கிதாரின் மொத்த இழுவிசை சுமார் 70 கிலோ. பன்னிரண்டு தந்தியில், மெல்லிய கம்பிகளே போட்டாலும், முழு ஸ்ருதியில் 110 கிலோவைத் தாண்டும். இரண்டு ஆள் கனம் சதாகாலமும் ஒரு மெல்லிய பலகையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே அழகைப் பார்ப்பதற்கு முன் காயங்களைப் பார்க்க வேண்டும். குதிரைக்குப் பின்னால் பலகை உப்பியிருக்கிறதா என்று ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். குதிரையின் பின்விளிம்பில் ஒரு காகிதத்தைச் செருகிப் பார்த்தேன். இரண்டு கிதார்களில் காகிதம் உள்ளே போயிற்று. இரண்டும் புதியவை. கழுத்தை ஒரு கண்ணால் நீளவாட்டில் பார்த்து வளைவைச் சோதித்தேன். பழைய ஸ்டெல்லாக்களின் கழுத்துக்குள் திருகிச் சரிசெய்யும் இரும்புக் கம்பி கிடையாது. இன்று எல்லாவற்றிலும் உண்டு, சில பன்னிரண்டு தந்திகளில் இரண்டு. நட்டில் ஜோடிகளுக்கிடையே இடைவெளி சமமாக வெட்டியிருக்கிறதா என்பதை விற்பனையாளர்கள் யாரும் காட்டுவதில்லை. ஒரு ஜோடி நெருங்கியும் அடுத்தது விலகியும் இருந்தால் விரல் நுனி ஒரு தந்தியை மட்டும் பிடித்து மற்றதைத் தவறவிடும். கழுத்தின் அகலம் 48 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தது எனக்குச் சரிப்பட்டது.

மரம் பற்றி ஒரு தீர்மானம் செய்துகொண்டுதான் போனேன். ஈட்டி மர முதுகுள்ள கிதார்கள் விலை அதிகம், பார்க்கவும் கம்பீரம். 1969க்குப் பிறகு மார்ட்டின் கம்பெனி பிரேஸில் ஈட்டிக்குப் பதிலாக இந்திய ஈட்டியைப் பயன்படுத்தத் தொடங்கியதால், நம் பக்கத்து மலைக்காட்டு மரம் பென்சில்வேனியா போய்க் கிதாராகத் திரும்பி வந்து நம்மிடமே விற்கப்படுகிற வேடிக்கையும் அதில் உண்டு. ஆனால் ஈட்டியின் விசேஷம் அதன் உபநாதங்கள். பன்னிரண்டு தந்தி தானே உபநாதங்களின் இரைச்சல். அதற்கு மேலும் சேர்த்தால் பாயசத்தில் தேனை ஊற்றியது போல் ஆகிவிடுகிறது. ஸ்ப்ரூஸ் மேல்பலகை, மஹாகனி முதுகு என்று எடுத்துக்கொண்டேன். விலையும் கையைக் கடிக்கவில்லை. ஸ்டெல்லாவின் பிர்ச் மரத்துக்கு இதுதான் கொஞ்சமாவது உறவு.

கடையின் குளிர்சாதன அறையிலிருந்து வீட்டுப் புழுக்கத்துக்கு வந்ததும் ஒரு வாரம் எந்த ஸ்ருதியும் நிற்கவில்லை. ஒரு முழு ஸ்வரம் கீழே இறக்கி வைத்த பிறகுதான் அடங்கியது. அப்படி வைத்துக்கொண்டு, வேண்டும்போது இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ மாட்டிக்கொள்வது என்பது எல்லோரும் சொல்லும் வழி. தொழிற்சாலைகள் பல, முழு ஸ்ருதிக்கு ஏற்றுகிறவரை மனதில் வைத்து வாத்தியத்தைக் கனமாகச் செய்கின்றன. கனமான பலகை அசைய மறுக்கிறது. கீழே இறக்கி வாசித்த பழைய ஆட்களுக்கு லேசான பலகையே தாங்கியது. அவர்களுடைய நாதத்தில் பாதி இதில்தான் இருக்கிறது.

ஸ்ருதி சேர்ப்பதைப் பற்றிக் கொஞ்சம். பொத்தான் அளவு யந்திரம் ஒன்று ஒவ்வொரு தந்தியையும் சரி என்று பச்சை விளக்குக் காட்டுகிறது. பன்னிரண்டும் பச்சையாகி வாசித்தால் சப்பென்று இருக்கிறது. ஒரே ஸ்வரத்தின் இரு தந்திகளில் ஒன்று 247 அதிர்வு, மற்றது அதைவிட அரை அதிர்வு அதிகம் என்றால், இரண்டு விநாடிக்கு ஒரு முறை நாதம் உப்பி வடியும். அந்த உப்பல்தான் பன்னிரண்டு தந்தி. தம்புராவில் சாரணியும் அனுசாரணியும் ஒரே ஸட்ஜம்தான். அவற்றைச் சேர்க்கிறவர்கள் குதிரை மேல் ஜீவாளி நூலை நகர்த்தி நகர்த்தி எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பழகிய காதுக்கு இதில் புதிர் ஒன்றும் இல்லை. தம்புரா நகராத ஒரு இடத்தில் நின்று இதைச் செய்கிறது. கிதாரில் விரல் நகர நகர, ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஜோடிகளின் பிணக்கு கொஞ்சம் மாறுகிறது. தடித்த தந்தியும் மெல்லிய தந்தியும் ஒரே அழுத்தத்துக்கு ஒரே அளவில் வளைவதில்லை. ஏழாவது ஃப்ரெட்டில் சமாதானமாக இருந்தவை ஒன்பதாவதில் சண்டை போடுகின்றன. முதல் மாதம் இதை வாத்தியத்தின் கோளாறு என்று நினைத்துத் திருகிக்கொண்டிருந்தேன். இப்போது எந்த இடத்தில் எந்தச் சண்டை என்று தெரிந்து, பாட்டை அங்கே கொண்டுபோய் நிறுத்துவதில்தான் ருசி.

இரவில் கேப்போவைக் கழற்றிவிட்டு, கட்டைவிரலால் கீழ்த் தந்தி ஜோடியை மட்டும் நடக்கவிட்டால், ஒரு அறைக்கு அப்பால் யாரோ பியானோவின் இடது பக்கத்தைத் தொடுவது போலிருக்கிறது. ஃபானின் தெருவை நான் பார்த்ததில்லை. லெட்பெல்லியின் அளவுக்கு இறக்க இன்னும் ஒன்றரை ஸ்வரம் பாக்கி. அதற்குக் கனமான தந்திகள் வேண்டும், நட்டின் பள்ளங்களை அரத்தால் அகலப்படுத்த வேண்டும், வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. வயலின் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளே கையை விட்டு முட்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு மழைக்காலம் போகட்டும், மரம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட்டு வெட்டலாம் என்கிறார்.